பெயரில் இல்லாத மூன்றாவது ஆள்

(இறுதியாண்டு, மின்னணு மற்றும் தொடர்பியல் துறை)



ரன் டி.எம்.சி. என்ற அமெரிக்க ராப் குழுவின் பெயரை உங்களில் பாதிப்பேராவது கேட்டிருப்பீர்கள். பெயர் தெரியாவிட்டாலும் கறுப்புத் தொப்பி, கழுத்தில் தடித்த தங்கச் சங்கிலி, லேஸ் கட்டாத வெள்ளை ஷூ என்று மூன்று பேர் முறைத்துக்கொண்டு நிற்கும் படத்தை ஏதாவது ஒரு பனியனிலாவது பார்த்திருப்பீர்கள். அதில் ஒருவர் ரன். இன்னொருவர் டி.எம்.சி. சரி, மூன்றாவது ஆள் யார்? குழுவின் பெயரில் அவர் பெயர் கிடையாது. 1984ல் வந்த முதல் ஆல்பத்தின் முன்னட்டையிலும் அவர் முகம் கிடையாது. ஆனால் அந்தத் தொப்பியும் ஷூவும் முதலில் அவருடையவைதான்!

அவர்தான் ஜாம் மாஸ்டர் ஜே. இயற்பெயர் ஜேசன் மிஸெல். இசைத்தட்டைக் கையால் சுழற்றியவர். ஹிப் ஹாப் இசைக்குக் காசு வந்த பிறகு என்ன ஆனது என்று யாராவது கேட்டால், நான் இவருடைய வாழ்க்கையைத்தான் சொல்வேன்.

1965 ஜனவரி 21ஆம் தேதி நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் பிறந்தார். அம்மா ஆசிரியை, அப்பா சமூகப் பணியாளர். மூன்று பிள்ளைகளில் கடைக்குட்டி. சின்ன வயதிலேயே டிரம்பட் ஊதினார். பிறகு கிட்டார், டிரம்ஸ் எல்லாம் கற்று சர்ச்சில் வாசித்தார். அவருக்குப் பத்து வயதாகும்போது, 1975ல், குடும்பம் அதே நகரின் குயின்ஸ் பகுதியில் உள்ள ஹாலிஸ் என்ற பேட்டைக்குக் குடிபோனது. மாதச் சம்பளக்காரர்கள் சொந்த வீடு கட்டிக் குடியிருந்த பகுதி அது. ரொம்ப ஏழ்மையும் இல்லை, ரொம்ப வசதியும் இல்லை.

இங்கே ஜேயைக் கொஞ்ச நேரம் ஹாலிஸிலேயே விட்டுவிட்டு, நகரின் வடக்குப் பக்கம் உள்ள பிராங்ஸ் பகுதிக்குப் போய் வருவோம். ஹிப் ஹாப் பிறந்த கதை தெரிந்தால்தான் ஜேயின் கதை புரியும்.

1973 ஆகஸ்ட் 11. பிராங்ஸில், செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் அடுக்குமாடிக் கட்டிடத்தின் பொது அறையில் ஒரு பார்ட்டி. ஒரு பெண் பள்ளி திறக்கும் நேரத்தில் புதுத் துணி வாங்கப் பணம் சேர்ப்பதற்காக அதை நடத்தினார். பெண்களுக்கு 25 சென்ட், பையன்களுக்கு 50 சென்ட் நுழைவுக் கட்டணம். தட்டுப் போட்டவர் அவருடைய அண்ணன், ஜமைக்காவிலிருந்து வந்த கூல் ஹெர்க். ஹிப் ஹாப் அன்றைக்குத்தான் பிறந்தது என்று சொல்கிறார்கள். ஆக முதல் நாளே அதில் காசு இருந்தது. இதை நான் எதற்குச் சொல்கிறேன் என்றால், பணம் வந்ததால் கலை கெட்டுப்போச்சு என்று சிலர் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். விஷயம் அவ்வளவு சுலபம் இல்லை.

ஹெர்க் என்ன செய்தார்? ஒரு பாட்டில் பாடகர் நிறுத்திவிட்டு டிரம்ஸ் மட்டும் சில விநாடி தனியாக ஒலிக்கும் இடம் உண்டு. அதற்குப் பிரேக் என்று பெயர். ஆடுகிறவர்களுக்கு அந்த இடம்தான் பிடித்தது என்பதை ஹெர்க் கவனித்தார். ஒரே இசைத்தட்டில் இரண்டு பிரதி வாங்கி, இரண்டு டர்ன்டேபிளில் வைத்து, ஒன்றில் பிரேக் முடிந்ததும் இன்னொன்றில் அதே பிரேக்கை ஓடவிட்டார். சில விநாடி இசை சில நிமிஷ இசையாக ஆனது.

அடுத்து வந்தவர்தான் நம்ம ஆள், நண்பர்களே! கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ். பிராங்ஸில் ஒரு தொழிற்கல்விப் பள்ளியில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவர். அடுத்த தட்டு எந்த இடத்தில் இருக்கிறது என்பதைக் கூட்டத்துக்குக் கேட்காமல் தான் மட்டும் ஹெட்ஃபோனில் கேட்க வேண்டும் என்று, ஒரு எஸ்.பி.டி.டி. ஸ்விட்சை வைத்து மிக்ஸரில் ஏற்பாடு செய்துகொண்டார். நாம் முதலாண்டு லேபில் லைட் எரியவைக்கிறோமே, அதே ஸ்விட்ச்! ஃபெல்ட் துணியைக் கஞ்சி போட்டு விறைப்பாக்கித் தட்டுக்கு அடியில் வைத்தார். மேலே தட்டைக் கையால் பிடித்தாலும் அடியில் மேடை சுற்றிக்கொண்டே இருக்கும், கையை எடுத்ததும் தட்டு உடனே வேகம் பிடிக்கும். அதற்கேற்ற மாதிரி டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200 என்ற ஜப்பான் டர்ன்டேபிள் இருந்தது. அதில் பெல்ட் கிடையாது. மோட்டாரே தட்டு மேடையை நேராகச் சுழற்றும். பெல்ட் உள்ளதைக் கையால் பிடித்தால் வழுக்கும், தேயும். இது அசராது. தட்டை முன்னும் பின்னும் தேய்த்து ஒலி எழுப்பும் ஸ்கிராட்ச் வித்தையை கிராண்ட் விசார்ட் தியோடர் என்ற சிறுவர் கொண்டுவந்தார்.

இதையெல்லாம் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆரம்ப காலத்தில் ஹிப் ஹாப் என்றால் டி.ஜே.தான் ராஜா. மைக் பிடித்தவர் பக்கத்தில் நின்று, கூட்டத்தை உற்சாகப்படுத்தி, டி.ஜே. புகழைப் பாடுகிறவர். விளம்பர நோட்டீஸில் டி.ஜே. பெயர்தான் பெரிதாக இருக்கும்.

1979ல் இது தலைகீழானது. நியூஜெர்சியில் இருந்த ஷுகர் ஹில் ரெக்கார்ட்ஸ் என்ற கம்பெனி மூன்று பேரைப் பிடித்து 'ராப்பர்ஸ் டிலைட்' என்ற தட்டை வெளியிட்டது. உலகம் முழுக்க ஓடிய முதல் ராப் தட்டு அதுதான். அதில் டி.ஜே. கிடையாது! ஸ்டூடியோவில் வாத்தியக்காரர்களை உட்காரவைத்து, 'குட் டைம்ஸ்' என்ற பிரபல பாட்டின் தாளத்தை வாசிக்கவைத்துவிட்டார்கள். பாடியவர்களில் ஒருவர் பீட்சா கடையில் வேலை பார்த்தவர். அவர் பாடிய வரிகளில் பெரும்பகுதி பிராங்ஸ்காரரான கிராண்ட்மாஸ்டர் காஸ் எழுதியது. காஸுக்குப் பெயரும் இல்லை, பங்கும் இல்லை. கம்பெனிக்குத் தேவை கடையில் விற்கக்கூடிய பாட்டு. பாட்டுக்குக் குரல் இருந்தால் போதும். தட்டு சுழற்றுகிற கையை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்?

(என் மாமா ஊரில் மைக் செட் வைத்திருக்கிறார். திருவிழா நோட்டீஸில் கச்சேரிக்காரர் பெயர் போடுவார்கள், நன்கொடை கொடுத்தவர்கள் பெயர் எல்லாம் வரிசையாகப் போடுவார்கள். கடைசியில் ஒலி ஒளி என்று ஒரு வரி. அதுவும் இடம் இருந்தால்தான். நான் எலக்ட்ரானிக்ஸ் எடுத்ததற்கு அவருடைய ஆம்ப்ளிஃபையர்தான் காரணம். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியது நான்தான் முதல் ஆள் என்பதால், எதைப் படிப்பது என்று சொல்ல வேறு யாரும் இல்லை. அதனால் ஜேயைப் பற்றிப் படித்தபோது எனக்கு அந்தக் கடைசி வரிதான் ஞாபகம் வந்தது.)

இப்போது ஹாலிஸுக்குத் திரும்புவோம். பதிமூன்று வயதில் ஜே டர்ன்டேபிளைத் தொட்டார். பிறகு மற்ற வாத்தியங்கள் எல்லாம் இரண்டாம் பட்சம். அப்போது அவருக்கு ஜாஸி ஜேஸ் என்று பெயர். 205ஆம் தெருப் பூங்காவில் கருவிகளை வைத்து வாசித்தார். டிரம்ஸ் பழகிய கை என்பதால் தாளம் பிசகாது என்று பெயர் வாங்கினார். அதே பேட்டைப் பையன்கள்தான் ஜோசப் சிமன்ஸும் டேரில் மெக்டேனியல்ஸும். ஒருவர் ரன், மற்றவர் டி.எம்.சி. ரன்னின் அண்ணன் ரஸ்ஸல் சிமன்ஸ் இசை நிகழ்ச்சி மேனேஜர். 1983ல் முதல் தட்டு வந்தது. டிரம் மெஷின் அடியும் இரண்டு குரலும் தவிர பெரிதாக வேறொன்றும் இல்லை. டிஸ்கோ பூச்சு எதுவும் கிடையாது. கேட்டவர்கள் அசந்துபோனார்கள்.

மேடைக்கு டி.ஜே. வேண்டுமே! ஜே வந்தார். கடையில் விற்ற தட்டுகளிலிருந்து காணாமல்போன டி.ஜே., இந்தக் குழுவோடு மறுபடி மேடையின் நடுவில் ஏறி நின்றார். பெயர் மட்டும் ரன் டி.எம்.சி. என்றே நின்றுவிட்டது. அவர்கள் இருவரும் நன்றி கெட்டவர்கள் இல்லை. முதல் ஆல்பத்திலேயே அவர் பெயரில் ஒரு பாட்டு. 1986 ஆல்பத்தின் முதல் பாட்டான 'பீட்டர் பைப்பர்' முழுக்க அவர் புகழ்தான். மணி ஒலிக்கும் ஒரு பழைய இசைத்தட்டை ஜே வெட்டி வெட்டிச் சேர்க்க, அதன்மேல் இருவரும் மாறி மாறிப் பாடுவார்கள். ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டுப் பாருங்கள், கை வேலை தெரியும்.

உடை விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் காலத்து ராப் குழுக்கள் மேடைக்கென்று பளபளப்பான உடை, இறகு, ஆணி வைத்த தோல் பட்டை என்று வேஷம் கட்டினார்கள். ஜே அப்படி இல்லை. தெருவில் எப்படித் திரிவாரோ அப்படியே வந்து நின்றார். கறுப்புத் தொப்பி, தோல் ஜாக்கெட், லேஸ் இல்லாத அடிடாஸ். ரஸ்ஸல் அவரைப் பார்த்துவிட்டு, மூன்று பேரும் இப்படியே உடுத்துங்கள் என்று சொல்லிவிட்டார். லேஸ் இல்லாத ஷூ சிறையிலிருந்து வந்த பழக்கம் என்பார்கள், கைதிகளிடம் லேஸை வாங்கிவைத்துவிடுவார்களாம். ஹாலிஸ் தெருவின் வழக்கம் ஒரு குழுவின் சீருடையானது. அப்புறம் அது என்ன ஆனது என்பதுதான் கதையின் முக்கியமான பகுதி.

முதலில் வெற்றிகளைச் சொல்லிவிடுகிறேன். 1984 ஆல்பம் கோல்டு சான்று பெற்ற முதல் ராப் ஆல்பம். எம்.டி.வி.யில் ராப் படம் ஓடியது இவர்களால்தான். 1985 ஜூலையில் லைவ் எய்ட் நிகழ்ச்சிக்கு, பிலடெல்பியா மேடையில் ஏறினார்கள். 1986 மே மாதம் 'ரெய்ஸிங் ஹெல்' ஆல்பம் வந்தது. முப்பது லட்சத்துக்கு மேல் விற்றது. ராப் தட்டுக்கு அதுவரை யாரும் கேள்விப்படாத எண்ணிக்கை.

அதில் உள்ள 'வாக் திஸ் வே' பாட்டின் கதை சுவையானது. ஏரோஸ்மித் என்ற ராக் குழுவின் 1975 பாட்டு அது. அதன் தொடக்கத்தில் டிரம்ஸ் மட்டும் தனியாக அடிக்கும் சில விநாடிகள் டி.ஜே.க்களுக்கு ரொம்பப் பிடித்தம். பாடகர் வாய் திறக்கும் முன்பே தட்டைத் திருப்பிவிடுவார்கள். அதனால் யார் பாடுகிறார், என்ன பாடுகிறார் என்பதே தெரியாது! தயாரிப்பாளர் ரிக் ரூபின், பாட்டை முழுசாகவே பாடலாம், ஏரோஸ்மித் ஆட்களையும் கூப்பிடலாம் என்றார். ரன்னுக்கும் டி.எம்.சி.க்கும் பிடிக்கவேயில்லை. அது வேறு உலகத்துப் பாட்டு என்று ஒதுங்கினார்கள். முயன்று பார்க்கலாம் என்ற பக்கம் நின்றவர் ஜே. பாட்டு அமெரிக்கப் பட்டியலில் 4ஆம் இடம் வரை போனது. அதுவரை ராப்பைத் தொடாத வானொலி நிலையங்களும் போட்டன. வெள்ளைக்காரப் பிள்ளைகள் லட்சக்கணக்கில் வாங்கினார்கள்.

கவனியுங்கள். டி.ஜே. எடுத்துக்கொண்டது சில விநாடி டிரம்ஸ். கடைக்காரனுக்கு வேண்டியிருந்தது முழுப் பாட்டும், கிட்டாரும், தெரிந்த முகமும். அந்த வியாபாரக் கணக்கு சரியாகவே பலித்தது. அதே நேரம் ஹிப் ஹாப்பின் கேட்பாளர்கள் மாறிப்போனார்கள். பூங்காவில் எதிரே நின்று ஆடியவர்கள் போக, எங்கோ ஒரு ஊரில் தனி அறையில் கேட்பவர்கள் பெரும்பான்மையானார்கள்.

அதே 1986 ஜூலையில் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் நிகழ்ச்சி. அடிடாஸ் பற்றி ஏற்கெனவே ஒரு பாட்டுப் போட்டிருந்தார்கள். லேஸ் கட்டாத ஷூ போட்ட பையன் எல்லாம் ரௌடி என்று எழுதப்பட்டதற்குப் பதில் அந்தப் பாட்டு. எங்கள் ஷூ திருடவில்லை, நல்ல இடங்களுக்கும் போகிறது என்பது அதன் கருத்து. காசு வாங்கிக்கொண்டு எழுதியது இல்லை. அந்தப் பாட்டின்போது ரன், ஷூவைக் கழற்றித் தூக்கிக் காட்டுங்கள் என்று கேட்க, ஆயிரக்கணக்கான கைகளில் ஷூக்கள் உயர்ந்தன. அரங்கில் அடிடாஸ் கம்பெனி அதிகாரி ஒருவர் நின்றிருந்தார். பிறகு பத்து லட்சம் டாலர் அளவில் ஒப்பந்தம். விளையாட்டு வீரர் அல்லாத ஒரு இசைக்குழுவோடு ஷூ கம்பெனி போட்ட அப்படிப்பட்ட முதல் பெரிய ஒப்பந்தம் என்று இதைச் சொல்கிறார்கள்.

இதில் எனக்கு இரண்டு மனசு இருக்கிறது. ஒரு பேட்டைப் பையன் தன் காசில் வாங்கிப் போட்ட ஷூவுக்கு அந்தக் கம்பெனியே வந்து பணம் கொடுப்பது பெருமையான விஷயம்தானே? ஏளனம் செய்யப்பட்ட உடைக்கு மரியாதை கிடைத்தது. இன்னொரு பக்கம், அதற்கு அப்புறம் வந்த பாட்டுகளைப் பாருங்கள். கார் பெயர், வாட்ச் பெயர், மது பெயர். எது மனசிலிருந்து வந்தது, எது கம்பெனி கணக்கிலிருந்து வந்தது என்று பிரிக்கவே முடியாது. ஷூவை முதலில் போட்டவர் ஜே. வாசல் திறந்தது அவர் காலால். அதன் வழியாக யார் யார் வருவார்கள் என்று 1986ல் யாருக்குத் தெரியும்?

வெற்றிக்குப் பிறகு சரிவு வேகமாக வந்தது. தட்டுக் கம்பெனியோடு சட்டத் தகராறு ஏற்பட்டு, அடுத்த ஆல்பம் 1988 வரை தாமதமானது. ராப்பில் அந்த இரண்டு வருஷம் ஒரு தலைமுறைக்குச் சமம். அதற்குள் புதியவர்கள் வந்துவிட்டார்கள். சொந்தமாக எடுத்த சினிமாவும் தோற்றது. 1990 ஆல்பம் போணியாகவில்லை. 1993ல் ஒருமுறை மீண்டு எழுந்தார்கள்.

டி.ஜே.யின் வேலைக்கு இன்னொரு அடி 1991 டிசம்பரில் விழுந்தது. பிஸ் மார்க்கி என்ற ராப்பர், பழைய பாட்டு ஒன்றின் துண்டை அனுமதி இல்லாமல் எடுத்தது திருட்டு என்று நியூயார்க் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பழைய தட்டுக்காரர்களுக்கும் நியாயம் வேண்டும்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதன் பிறகு ஒவ்வொரு துண்டுக்கும் விலை. பெரிய கம்பெனிக்குக் கட்டுப்படியாகும், பூங்கா டி.ஜே.க்குக் கட்டுப்படியாகாது. சுற்றுப்பயணங்களிலும் டேப் ஓடவிட்டால் போதும் என்று பல குழுக்கள் டி.ஜே.யைக் கழற்றிவிட்டன. ஒரு ஆள் சம்பளம், டிக்கெட், சாப்பாடு மிச்சம் பாருங்கள்!

ஜே சும்மா இருக்கவில்லை. 1989லேயே ஜே.எம்.ஜே. ரெக்கார்ட்ஸ் என்று சொந்தக் கம்பெனி தொடங்கினார். ஓனிக்ஸ் என்ற குழுவை அவர் வளர்த்துவிட, 1993ல் அவர்களுடைய முதல் ஆல்பம் பத்து லட்சத்தைத் தாண்டியது. 1990களின் நடுவில் குயின்ஸைச் சேர்ந்த இன்னொரு இளைஞர் வந்தார். வரிகள் எழுதத் தெரியும், ஆனால் தாளக்கட்டுக்குள் பாட்டை எப்படி அடக்குவது என்று தெரியாது. இத்தனை தாளத்துக்கு ஒரு சரணம், அதன்பின் பல்லவி என்று எண்ணி எண்ணிச் சொல்லிக்கொடுத்தவர் ஜே. அந்த இளைஞர்தான் 50 சென்ட். ஜே தயாரித்த அவருடைய ஆல்பம் வெளிவரவில்லை. 2003 பிப்ரவரியில் வேறு கம்பெனியில் அவர் போட்ட ஆல்பம் முதல் வாரத்திலேயே எட்டு லட்சத்துக்கு மேல் விற்றது. அதைப் பார்க்க ஜே உயிரோடு இல்லை.

2002ல் நியூயார்க்கில் ஸ்கிராட்ச் டி.ஜே. அகாடமி என்ற பள்ளியைக் கூட்டாகத் தொடங்கினார். டர்ன்டேபிளை வரிசையாக வைத்து, பாடத்திட்டம் போட்டு, கட்டணத்துக்குச் சொல்லிக்கொடுக்கும் பள்ளி. அவர் காலத்தில் தெருவில் யாராவது பெரியவர் பின்னால் நின்று பார்த்துத்தான் கற்க வேண்டும். அதிலும் தட்டின் பெயர் தெரியக்கூடாது என்று லேபிளைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்துவிடுவார்களாம் பழைய டி.ஜே.க்கள்! ஜே அப்படி மறைக்கவில்லை. அவர் செய்ததிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது இந்தப் பள்ளிதான்.

அதே 2002 அக்டோபர் 30ஆம் தேதி மாலை, குயின்ஸ் ஜமைக்கா பகுதியில் மெரிக் புலவார்டு சாலையில் இருந்த தன் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஜே சுட்டுக்கொல்லப்பட்டார். வயது 37. புகழ் பெற்ற பின்னும் அந்தப் பகுதியை விட்டுப் போகாதவர், அங்கேயே செத்துப்போனார். மனைவியும் மூன்று மகன்களும் இருந்தார்கள். பெரிய அளவில் வரி பாக்கி இருந்ததாகப் பின்னால் செய்திகள் வந்தன. வழக்கு ஏறக்குறைய பதினெட்டு வருஷம் தீர்வில்லாமல் கிடந்தது. 2020ல் இருவர் மீது குற்றம் சாட்டப்பட்டது. வருமானம் குறைந்த காலத்தில் ஜே போதைப்பொருள் வியாபாரத்தில் இடைத்தரகராக இறங்கினார், அதில் வந்த பகைதான் கொலைக்குக் காரணம் என்றது அரசுத் தரப்பு. 2024 பிப்ரவரியில் இருவரும் குற்றவாளிகள் என்று ஜூரி சொன்னது. வழக்கு அதோடும் ஓயவில்லை.

இந்த இடத்தை எழுதும்போது கை கொஞ்சம் நின்றது. முப்பது லட்சம் தட்டு விற்ற குழுவின் ஆள், பணத்துக்காக அப்படி ஒரு தொழிலில் இறங்க வேண்டியிருந்தது என்பது உண்மையானால், விற்ற பணமெல்லாம் எங்கே போனது? இப்போது அமெரிக்காவில் கணக்கு வேறு. 2014ல் டாக்டர் டிரேயின் பீட்ஸ் கம்பெனியை ஆப்பிள் 300 கோடி டாலருக்கு வாங்கியது. 2017ல் ராக் இசையைத் தாண்டி ஹிப் ஹாப்பும் அதன் உறவான ஆர் அண்ட் பி இசையும் சேர்ந்து அந்நாட்டில் அதிகம் கேட்கப்படும் இசை ஆனது. 2019ல் ஜே இசட் நூறு கோடி டாலர் சொத்துக்காரர் ஆனார். இவர்கள் கம்பெனிகளுக்குச் சொந்தக்காரர்கள். ஜே காலத்தவர்கள் அடுத்தவர் கம்பெனிக்குப் பாட்டும் ஷூவும் விற்றுக்கொடுத்தவர்கள்.

ஜே இறந்த மறுநாள் முதல் ஒலிப்பதிவுக் கூடத்தின் வாசலில் பூக்களும் மெழுகுவர்த்திகளும் குவிந்தன. நடுவே லேஸ் இல்லாத வெள்ளை அடிடாஸ் ஷூக்கள். ரன்னும் டி.எம்.சி.யும் குழுவைக் கலைத்துவிட்டதாக அறிவித்தார்கள். புது டி.ஜே.யை வைத்துக்கொண்டு ஓட்டியிருக்கலாம், கேட்க ஆள் இருந்தது. செய்யவில்லை.

2009 ஏப்ரலில் ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் குழுவைச் சேர்த்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் ஹாலிஸ் அவென்யூவும் 205ஆம் தெருவும் சேரும் முனையில், ஜே சிறுவனாகத் தட்டு சுழற்றிய பூங்காவின் பக்கமாக, மாநகராட்சி ஒரு பெயர்ப்பலகை வைத்தது. ரன் டி.எம்.சி. ஜே.எம்.ஜே. வே என்று அதில் எழுதியிருக்கிறது.